கிம்லியில் ஐஸ்லாந்து மொழி ஒரே தலைமுறையில் போய்விடவில்லை

"கனடா போன ஐஸ்லாந்துக்காரர்கள் ஒரே தலைமுறையில் மொழியைக் கைவிட்டார்கள், அவர்கள் சங்கங்கள் வெறும் விருந்துக்குத்தான்" என்று சிலர் சொல்வது தவறு. 1875-இல் கனடாவின் மானிடோபா மாகாணத்திலுள்ள கிம்லி என்ற ஊரில் குடியேறியவர்கள், அடுத்த ஆண்டே பெரியம்மையில் பலரைப் பறிகொடுத்தார்கள். அந்த நிலையிலும் 1877-இல் தாய்மொழியில் ஃபிராம்ஃபாரி என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள்! பிறகு வந்த ஹைம்ஸ்கிரிங்லா, லோக்பெர்க் என்ற இரண்டு பத்திரிகைகளும் 1959-இல் இணைந்து இன்றும் ஒரே இதழாக வருகின்றன. இப்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அது உண்மை. வீட்டுப் பேச்சும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது, ஆனால் மெல்ல மெல்லத்தான்.

விருந்து மட்டும் என்பதை ஏற்கவே முடியாது. மானிடோபா பல்கலைக்கழகத்தில் 1951-இல் ஐஸ்லாந்து மொழிக்குத் தனி இருக்கை அமைந்தது இந்தச் சமூகம் திரட்டிய நன்கொடையால்தான். அங்கே இன்றும் அந்த மொழியைப் படிக்கலாம்.