எஃப் கார்டும் என் ஆள்காட்டி விரலும்

42 வயதில் கிடார் வாங்கியது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. அதை இறக்கித் தரச் சொல்லலாம் என்பதே மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை 'விரல் பழகிடும் சார்' என்ற பேச்சை நம்பி அழுத்தியதில், இடது கை விரல்நுனி காய்த்துப்போய், போன் என் கைரேகையை யாரோ என்கிறது.

சி, ஜி, டி கார்டுகள் (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கக் கம்பிகளை அமுக்கும் பிடிகள்) எல்லாம் ஒருவழியாக வந்துவிட்டன. அப்புறம் வந்தது எஃப். ஆள்காட்டி விரல் ஒன்றே முதல் ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டங்களில் முதலாவது) ஆறு கம்பியையும் படுத்தவாக்கில் அமுக்க வேண்டுமாம். மற்ற மூன்று விரலும் ஆளுக்கொரு பக்கம். நான் அமுக்கினால் இரண்டு கம்பி பாடும், நான்கு கம்பி 'டொக்'. அதற்குள் மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும்.

சரி, சுருதியாவது நிற்குமா? ராத்திரி செயலியைப் பார்த்துப் பார்த்து முறுக்கி வைத்தால், காலையில் பி கம்பி இறங்கிக் கிடக்கிறது.

"அப்பா, இன்னும் டியூன்தான் பண்றீங்களா?" என்கிறாள் மகள்.

ஆமாம்மா, அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வருகிறது.