கடனுக்குச் சரக்கு கிடைத்த காலம்
‘கொரோனா சிறு வியாபாரிகளை கியூஆர் கோடுக்குப் பழக்கி முன்னேற்றிவிட்டது’ என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்றவர். விடியற்காலையில் சென்னை கோயம்பேடு சந்தையில் கடனுக்குச் சரக்கு எடுப்பார், மறுநாள் பணம் கட்டுவார். கையில் முதல் என்று எதுவும் இருந்ததில்லை. 2020 மே மாதம் அந்தச் சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தை நகருக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றினார்கள். சரக்கு ஏற்றி வரும் வண்டிக்கு வாடகை ஏறியது. பழகிய மண்டிக்காரரும் ரொக்கம் கேட்டார் (அவருக்கும் பணம் முடங்கிக் கிடந்தது, குறை சொல்ல மாட்டேன்). செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு திறந்தபோது அப்பாவிடம் தள்ளுவண்டியே இல்லை. எனக்கு முன் கருத்து எழுதிய ஒரு நண்பர், ‘வீட்டுக்கே டெலிவரி செய்திருக்கலாமே’ என்று கேட்டிருக்கிறார். ஐயா, இருபது வருடங்களாக அப்பா வாடிக்கையாளர்களின் வீட்டு வாசலில்தான் விற்றார். இப்போது ஒரு கிடங்கில் மாதச் சம்பளத்துக்குக் காய்கறிப் பொட்டலம் கட்டுகிறார்.