'ஆவன செய்யப்படும்'னா என்னவே அர்த்தம்?

கொஞ்சம் பெரிய பதிவு. நேரம் இருக்கவிய படிங்க. கட்சிச் சண்ட போடணும்னு வாரவிய அப்டியே பைய நகந்துருங்க, இன்னைக்கு தெம்பு இல்ல.

கொஞ்ச மாசத்துக்கு முன்னால எங்க பக்கத்துல (நாங்குநேரி பக்கம், ஊர் பேரு வேண்டாம், தெரிஞ்சவியளுக்கு தெரியும்) ஒரு கட்டடத் திறப்பு விழாவுக்கு அமைச்சர் ஒருத்தர் வந்தாரு. எந்த அமைச்சர், எந்தத் துறைன்னு கமெண்ட்ல வந்து நோண்டாதீய, எந்த ஆட்சில யாரு வந்திருந்தாலும் நான் இதத்தான் பண்ணிருப்பேன். மூணு நாளா ராத்திரி கெடந்து கேள்விய யோசிச்சு வச்சிருந்தேன். விசயம் சின்னதுதான், எங்க ஊரு நூலகம் ஒழுகுது. பகுதி நேர நூலகம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தொறந்திருக்கும், மழை வந்தா ரெண்டு பீரோவ செவுத்துல இருந்து நகட்டி நடுவுல போட்டு மேல தார்ப்பாய மூடி வைப்போம். அதுக்கு எவ்வளவு ஒதுக்கிருக்கீய, எப்ப வந்துச்சு, இப்ப அந்தப் பணம் எங்கன நிக்குன்னு வரிசையா கேக்கணும்னு பிளான். கிட்ட போனதும் ஒருத்தரு என் கையில சால்வையத் திணிச்சாரு, இன்னொருத்தரு "சீக்கிரம் சீக்கிரம்"னு முதுகுல தட்டுதாரு, போட்டோக்காரரு இங்க பாருங்கன்னாரு, நான் சால்வையப் போத்தி மனுவக் குடுத்து "ஐயா ரொம்ப நன்றிங்கய்யா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எதுக்கு நன்றின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல.

அவரு மனுவ ஒரு ஓட்டம் பாத்துட்டு "ஆவன செய்யச் சொல்லுதேன் தம்பி"ன்னு பிஏ கையில குடுத்தாரு. சிரிச்ச முகம். கொற சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து பெருமையா போட்டோவக் காட்டுனா எங்க மைனி, வார்டு மெம்பரு அவிய, பாத்துட்டு "மனுவா குடுத்தீய? மனுன்னா 'பார்வைக்கு'ன்னு எழுதி கீழ அனுப்பிருவாவ தம்பி, கீழ இருந்து பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸுக்கு வரும், பிடிஓ ஆபீஸ்ல இருந்து நம்ம கிளார்க்குட்ட வரும், அவரு எங்கிட்ட வந்து என்ன எழுதங்கன்னு கேப்பாரு. கணக்கக் கேட்டாத்தான் மேல உள்ளவன் ஃபைல எடுப்பான்"ன்னாவ. சொன்ன மாதிரியே பத்து நாள் கழிச்சு கிளார்க் வந்து கேட்டாரு பாத்துக்கிடுங்க.

அதுக்கப்புறந்தான் வீட்டுத் தீர்வை ரசீத எடுத்துப் பாத்தேன். எத்தன வருசமா கட்டுதோம், ஒரு நாளாவது அதுல என்ன எழுதிருக்குன்னு பாத்ததுண்டா? தீர்வை 110 ரூவா, அதுக்குக் கீழ நூலக வரி 11 ரூவா. ரூவாய்க்கு பத்து பைசா. 1948-லயே மெட்ராஸ் மாகாணத்துல பொது நூலகச் சட்டம் போட்டாச்சு, சுதந்திரத்துக்கு அப்புறம் நாட்டுலயே இந்த மாதிரி சட்டம் மொதல்ல வந்தது நம்ம கிட்டதான், அந்தச் சட்டத்துல வந்த வரி இது. வீட்டு வரியோட சேத்து உள்ளாட்சி வசூலிக்கணும், வசூலிச்சத மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு கட்டிரணும். அப்போ எங்க ஊருக்காரன் ஒவ்வொருத்தனும் நூலகத்துக்குன்னு தனியா துட்டு கட்டிக்கிட்டுதான் இருக்கான். நான் என்னமோ சும்மா தாங்கன்னு சால்வையோட போய் நிக்கேன்!

இதுல கூத்து என்னன்னா, வசூல் பண்ணுத ஊராட்சி ஊரக வளர்ச்சித் துறை, அது ஒரு அமைச்சர், மானியக் கோரிக்கை எண் (பட்ஜெட்டுல ஒவ்வொரு துறைக்கும் உள்ள நம்பரு) 42. நூலகம் பள்ளிக் கல்வித் துறை, அது வேற அமைச்சர், எண் 43. பக்கத்து பக்கத்து நம்பருதான், ஆனா எங்க ஊரு 11 ரூவா 42-ல இருந்து 43-க்குப் போய்ச் சேந்துச்சான்னு ரெண்டு பேருட்டயும் ஒரே கேள்வியா கேக்க ஆளில்ல. கட்டடம் ஊராட்சியோடது, புஸ்தகம் ஆணைக்குழுவோடது, ஓட்டை மட்டும் யாரோடதும் இல்ல.

சரின்னு பத்து ரூவா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு, போட்டேன். மூணு வருசத்துல எங்க ஊராட்சில நூலக வரி எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு எந்தத் தேதில செலுத்துனாவ. முப்பது நாள் முடியப் போற நேரத்துல பதில் வந்துச்சு, "தாங்கள் கோரிய விவரம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை". அடுத்த ஆபீஸுக்கு போட்டேன், "சம்பந்தப்பட்ட ஊராட்சியிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்". தங்கிட்ட இல்லாத தகவல்னா மனுவ அஞ்சு நாளைக்குள்ள உரிய ஆபீஸுக்கு அவிங்களே அனுப்பணும்னு சட்டத்துல 6(3)னு ஒண்ணு இருக்கு, அத எடுத்து மேல்முறையீட்டுல எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிருக்கேன். ஆபீஸ் பேரச் சொல்லி யாரையும் மாட்டி விட விருப்பமில்ல, அங்கன உக்காந்திருக்க புள்ளைக்கும் அந்த ரிஜிஸ்டர் எங்க இருக்குன்னு நெசமாவே தெரியாம இருக்கலாம்.

இந்த அலைச்சல்ல ஒண்ணு வெளங்கிச்சு. ஒதுக்குனது, விடுவிச்சது, செலவழிச்சது. இது மூணும் வேற வேற. அமைச்சர்மாரு மேடைல சொல்லுத எண்ணு எல்லாமே மொத ரகம். "இந்த ஆண்டு இத்தனை கோடி ஒதுக்கப்பட்டுள்ளது" - கைத்தட்டு. ஒதுக்குனா வந்துட்டுன்னு அர்த்தமா? மணிமுத்தாறு டேம்ல தண்ணி இருக்குன்னு பேப்பர்ல போட்டா எங்க குளம் நெறஞ்சிருமா? ஷட்டர் தொறக்கணும், கால்வாய் தூரு எடுத்திருக்கணும், நடுவுல மறிக்காம வரணும், கடைமடைக்கு வந்து சேந்தாத்தான வெதக்க முடியும். அந்தக் கணக்கு நம்ம ஊரு சம்சாரி ஒவ்வொருத்தனுக்கும் தலகீழ் பாடம். டேம் அளவு இன்னைக்கு எத்தன அடின்னு டீக்கடைல காலங்காத்தால பேசுத ஆளு, பட்ஜெட்டுன்னா மட்டும் மேடைல சொன்ன எண்ணக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருதான்.

சட்டசபைல கேள்வி நேரம் பாத்திருப்பீய. உறுப்பினர் எந்திரிச்சு எங்க தொகுதில இந்த ஆஸ்பத்திரிய தரம் உயத்த அமைச்சர் முன்வருவாரான்னு கேப்பாரு. "நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்"னு அமைச்சர் சொல்வாரு. துணைக் கேள்வி, மறுபடி "உறுப்பினரின் கோரிக்கை கனிவோடு பரிசீலிக்கப்படும்". அது கேள்வியே இல்ல, நான் போத்துன சால்வை மாதிரிதான் அதுவும், முன்வருவாரான்னு கேட்டா எவன் மாட்டேம்பான்? போன வருசம் இதே துறைக்கு ஒதுக்குனதுல எங்க மாவட்டத்துக்கு விடுவிச்சது எவ்வளவு, எந்தத் தேதின்னு கேட்டுப் பாருங்க, பின்னால உக்காந்திருக்க அதிகாரி சீட்டு எழுதி முன்னால அனுப்புவாரு, அப்பந்தான் அது கேள்வி.

இத எங்க பக்கத்து எம்எல்ஏ ஒருத்தருட்ட (முன்னாளா இந்நாளான்னு சொல்ல மாட்டேன்) ஒரு கல்யாண வீட்டுல வச்சு பேச்சுவாக்குல சொன்னேன். "ரோடு வேணுமா கேளுங்க தம்பி, தொகுதி நிதில போட்டுத் தாரேன், கேள்வி எதுக்கு?"ன்னாரு. வருசத்துக்கு மூணு கோடி அவியளுக்கு தொகுதி மேம்பாட்டு நிதி. அதுல ரோடு போட்டா கல்லுல பேரு வரும், கேள்வி கேட்டா கல்லு வைக்க முடியாதுல்லா. அவரு மேல கோவம் இல்ல, பந்தில பாயசம் வேற நல்லாருந்துச்சு.

மைனி சொன்ன கணக்கையும் சொல்லிருதேன், இது நெறைய பேருக்கு தெரியாது. கிராம ஊராட்சில மூணு கணக்கு. ஒண்ணாம் நம்பரு பொது நிதி. ரெண்டாம் நம்பரு கரண்டு பில்லும் குடிதண்ணிக் கட்டணமும் கட்டுததுக்குன்னே உள்ளது. மூணாவது திட்டப் பணம். மத்திய அரசுல இருந்து 15-வது நிதிக்குழு மானியம்னு 2021-26-க்கு ஒதுக்குனாவ, அதுல 60 சதவீதம் கட்டிப்போட்ட பணம், பாதி தண்ணிக்கு, பாதி சுகாதாரத்துக்கு, வேற எதுலயும் கைய வைக்கக் கூடாது. மிச்சம் 40-ல ஊருக்கு வேண்டியத செய்யலாம், ஆனா சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. மாநில அரசு தன்னோட சொந்த வரி வருமானத்துல பத்து சதவீதத்த உள்ளாட்சிக்குப் பிரிச்சுக் குடுக்கு, அது நம்ம ஊருக்கு வந்து சேரும்போது மோட்டாரு ஓடுன பில்லுக்கும் டேங்க் ஆபரேட்டருக்குமே சரியாப் போயிருதுங்காவ. அரசியல் சட்டத்துல பதினோராவது அட்டவணைல ஊராட்சிக்குன்னு 29 விசயம் போட்டிருக்கு, 20-வது நூலகம்! அட்டவணைல எடம் குடுத்துட்டாவ, ஓட்டுக்கூரை மாத்தத் துட்டு குடுக்கல.

நம்ம மாவட்டக் கதை இன்னும் மோசம். 2016 அக்டோபர்ல உள்ளாட்சி பதவிக்காலம் முடிஞ்சுது, தேர்தல் இல்ல. 2019 டிசம்பர்ல 27 மாவட்டத்துக்கு நடத்துனாவ, அப்பந்தான் தென்காசியப் பிரிச்ச நேரம், அதனால திருநெல்வேலியும் தென்காசியும் இல்ல. 2021 அக்டோபர்லதான் ஓட்டுப் போட்டோம். முழுசா அஞ்சு வருசம் ஊருக்குத் தலைவரே கெடையாது, தனி அலுவலர்தான். தேர்ந்தெடுத்த ஆளு இல்லன்னு சொல்லி மத்திய மானியத்த நிறுத்தியும் வச்சாவ. தேர்தல் நடத்தாதது சென்னைல, பணத்தப் பிடிச்சது டெல்லில, தெருவெளக்கு எரியாதது எங்க தெருவுல. அந்த அஞ்சு வருசத்துல நாம யாராவது ஒரு அமைச்சருட்ட இத வாயத் தொறந்து கேட்டோமா? நானும் கேக்கல.

அதுக்கு அப்புறமும் அதேதான். 2024-25-க்கு சமக்ர சிக்ஷாங்க மத்திய பள்ளிக் கல்வித் திட்டப் பணம் 2,152 கோடிய டெல்லி தரல, பிஎம்ஸ்ரீங்க இன்னொரு மத்திய பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாத்தான் தருவோம்னாவ, மாநில அரசு போட மாட்டோம்னாவ. ரெண்டு பக்கத்து நியாயத்தையும் டிவில மணிக்கணக்கா கேட்டாச்சு. நான் கேக்குதது, ரெண்டு பேரும் சண்டைய முடிக்கிற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு சாக்பீஸ் யாரு வாங்குதா? இதக் கேட்டா மாநிலத்த ஆதரிக்கவன் நம்மள சங்கிங்கான், மத்தியத்த ஆதரிக்கவன் உபி (திமுக உடன்பிறப்பு)ங்கான். ஏலே, நான் தீர்வை கட்டுனவம்ல, அவ்வளவுதான்.

ஒரு விசயம் யோசிச்சுப் பாருங்க. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு அப்புறம் ஆறாயிரம் ரூவா குடுத்தாவல்லா. எந்த வட்டத்துக்கு ஆறாயிரம், யாருக்கு ஆயிரம், டோக்கன் எப்ப, எந்தக் கடைல, எத்தன மணிக்குன்னு படிக்கத் தெரியாத ஆச்சி வரைக்கும் விரல் நுனில வச்சிருந்தாவ, ஒரு தெரு விட்டுப் போச்சுன்னா மறுநாளே கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம். கொக்கிரகுளத்துல நிக்க எடமில்ல. அதே வெள்ளத்துல எங்க ஊரு ஓடைப்பாலம் ஒண்ணு போச்சு, அதுக்கு எவ்வளவு மதிப்பீடு போட்டாவ, எந்த தலைப்புல அனுப்புனாவன்னு இன்னைக்கு வரைக்கும் ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம்ம கைக்கு வார பணம்னா நாம ஆடிட்டர், பொதுப் பணம்னா விருந்தாளி.

கேக்காம விட்டா என்ன ஆகும்ங்கதுக்கு எங்க பக்கமே பெரிய உதாரணம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புக் கால்வாய். கன்னடியன் கால்வாய்ல இருந்து எம்.எல்.தேரி வரைக்கும் 75 கிலோமீட்டர், வெள்ளத் தண்ணிய கடலுக்கு விடாம நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் வறண்ட பக்கத்துக்குக் கொண்டுவார திட்டம். 2009-ல வேலைய ஆரம்பிக்கும்போது 369 கோடி. 2025 பிப்ரவரில திறந்து வைக்கும்போது ஆயிரம் கோடியத் தாண்டிருச்சு. நடுவுல ஆட்சி ரெண்டு தடவ மாறுச்சு, ஒவ்வொரு தேர்தலுக்கும் ரெண்டு பக்கமும் அதச் சொல்லி ஓட்டு கேட்டாவ. நிலம் எடுக்க தாமதம், அனுமதி தாமதம், எல்லாம் இருக்கும், ஒத்துக்கிடுதேன். ஆனா இந்த வருசம் எவ்வளவு விட்டீய, எத்தன கிலோமீட்டர் முடிஞ்சுதுன்னு வருசா வருசம் ஒரே கேள்விய ஊரு ஊரா கேட்டிருந்தா பதினாறு வருசம் ஆகிருக்குமா? திறந்த அன்னைக்கு நாங்க பட்டாசு போட்டோம். எங்க அப்பா இருந்திருந்தா போட்டிருக்க மாட்டாரு.

அடுத்த கிராம சபைக்கு மைனியும் நானும் ஒரு தாள் தயார் பண்ணிருக்கோம். கோரிக்கைன்னு ஒரு வரி கூட கெடையாது. நூலக வரி மூணு வருசம் வசூல் எவ்வளவு, கட்டுனது எவ்வளவு, தேதி. ஓடைப்பாலத்துக்கு மதிப்பீடு அனுப்புன நம்பரு, தேதி. மூணு கணக்குலயும் இன்னைக்கு இருப்பு. இத தீர்மானப் புஸ்தகத்துல கேள்வியாவே ஏத்தச் சொல்லப் போறோம், நகல் ரெண்டு அமைச்சருக்கும் எம்எல்ஏவுக்கும். கிளார்க் கேள்விய எல்லாம் தீர்மானமா எழுத முடியாதுங்காரு, மைனி எழுதலேன்னா கையெழுத்துப் போட மாட்டேங்காவ, ஒரு வாரமா இதுதான் ஓடுது. தலைவரு ரெண்டு பேருக்கும் நடுவுல முழிக்காரு.

உங்க ஊரு ரசீத எடுத்துப் பாத்துட்டு நூலக வரி எவ்வளவுன்னு கமெண்ட்ல போடுங்க, டவுன்காரவியளும் போடுங்க. இன்னும் எழுத நெறைய இருக்கு, அந்த தபாலுக்கு ஒப்புகை அட்டை வந்த கதை வேற இருக்கு. லைப்ரரி அக்கா போன் பண்ணுதாவ, களக்காடு பக்கம் மலைல கருக்கிட்டு வருதாம், பீரோவ நகட்டணும். போய்ட்டு வாரேன்.