அம்மாவின் ஐந்தாவது பாட்டு

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா மடியிலிருந்து, மெமரி கார்டு போட்டுப் பாட்டுக் கேட்கும் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து நீட்டினார். “ஏய்யா, நாலு நாளா பாடமாட்டேங்குது. என்னான்னு பாரு.”

பின்மூடியை நகத்தால் தள்ளினேன். பழைய பட்டன் போனில் வருமே, அதே 5சி பேட்டரி, வயிறு உப்பிப்போய் இருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே செல்போன் கடையில் 120 ரூபாய்க்கு வேறொன்று வாங்கிப் போட்டேன். பாட ஆரம்பித்துவிட்டது.

இதே வருடம் மதுரையில் என் வீட்டு புளூடூத் ஸ்பீக்கரும் பேட்டரி போய் நின்றது. 7,000 ரூபாய் கொடுத்து வாங்கியது, மூன்று வருடம்கூட ஆகவில்லை. சர்வீஸ் சென்டரில், “சார், இதுக்கு பேட்டரி தனியா வராது, புதுசு வாங்கிக்கங்க” என்றார்கள். ஸ்பீக்கர் கூம்பு நன்றாக இருக்கிறது, போர்டில் பழுதில்லை. ஆனால் பெட்டியை ஒட்டியே மூடியிருக்கிறார்கள். 7,000 ரூபாய்ப் பொருளைத் திறக்க வழியில்லை, அம்மாவின் 400 ரூபாய்ப் பொருளை நகத்தால் திறக்கலாம். இதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அம்மாவின் ஸ்பீக்கர் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். அம்மா விடிவதற்கு முன்பே, நாலு மணிக்கெல்லாம் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப் பறிக்கப் போவார். தலையில் டார்ச் லைட், மடியில் இந்த ஸ்பீக்கர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பட்டனை எண்ணித்தான் பாட்டுக்குப் போவார். ஆன் செய்து நாலு அழுத்து அழுத்தினால் ஐந்தாவது வரும்.

அந்த ஐந்தாவது, எங்கள் தாய்மாமன் பாடிய அழகர் வருணிப்பு. 1991 சித்திரைத் திருவிழா சமயத்தில் திண்ணையில் டேப் ரெக்கார்டரை வைத்து ஒரு 60 நிமிடக் கேசட்டில் பதிந்தோம். நடுவில் ஆடு கத்தும். யாரோ தண்ணீர் கேட்பார்கள். மாமா ஒரு இடத்தில் மூச்சு வாங்கி, தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி எடுப்பார். அந்தச் செருமலுக்கு அம்மாவின் கை பூச்செடியில் ஒரு நொடி நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மாமா 2004-ல் இறந்துபோனார். கேசட்டில் பூஞ்சை ஏற ஆரம்பித்ததும் டேப்பின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போட்டு எம்பி3 ஆக மாற்றி, கார்டில் ஏற்றினேன். மொத்தம் 28 நிமிடம்.

இப்போது மாதச் சந்தா கட்டினால் பத்துக் கோடிப் பாட்டு கேட்கலாம் என்கிறார்கள். உண்மைதான், நானும் கட்டுகிறேன். ஆனால் அந்தப் பத்துக் கோடியில் மாமா இல்லை. நாளைக்கு ஒரு ஆடியோ கம்பெனிக்கும் ஆப்காரர்களுக்கும் ஒப்பந்தம் முடிந்தால், இருக்கிற பாட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இளையராஜா படப் பாட்டுகள் சில என் பட்டியலில் இப்படித்தான் ஒருநாள் காலையில் சாம்பல் நிறமாகிக் கிடந்தன.

ஒருகாலத்தில் ரெக்கார்டிங் கடையில் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் கேசட்டில் ஏற்றித் தருவார்கள். 90 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாதே என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போவோம். அப்புறம் மீனாட்சி பஜாரில் பென்டிரைவ் மாதிரி ஒரு எம்பி3 பிளேயர் வாங்கினேன். ஐபாட் 2001-லேயே 5 ஜிபியில் ஆயிரம் பாட்டு என்று வந்துவிட்டது, நமக்குக் கைக்கெட்டாத விலை. 2022-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இன்று 128 ஜிபி கார்டில், நல்ல தரத்திலேயே ஏறக்குறைய பத்தாயிரம் பாட்டு அடங்கும். எம்பி3-க்கான காப்புரிமைக் கட்டணமும் 2017-ல் முடிந்தது. ஒரு நல்ல பிளேயர் செய்ய இதைவிடத் தோதான காலம் இருந்ததில்லை. ஆனால் நல்ல பிளேயர் செய்ய ஆள்தான் இல்லை.

போன் போதாதா என்று கேட்பீர்கள். பனி ஈரத்தில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை அசையாது, வந்து பாருங்கள். போனில் ரேடியோவும் போய்விட்டது. இயர்போன் வயர்தான் எஃப்எம்முக்கு ஏரியல். வயர் துளையை எடுத்தார்கள், அதோடு கொடைக்கானல் பண்பலை 100.5-ம் போயிற்று. போன்களில் எஃப்எம்மை முடக்கி வைக்காதீர்கள் என்று மத்திய அரசு 2023-ல் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. கடையில் போய்க் கேட்டால் இன்னும் பாதி மாடலில் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

அதே 2017-ல் ஐயாயிரம் பழைய பாட்டோடு காரவான் என்ற ரேடியோ மாதிரிப் பாட்டுப் பெட்டி வந்தபோது வீட்டுக்கு வீடு வாங்கினார்களே, எதற்காக? நெட் வேண்டாம், லாகின் வேண்டாம், திருகினால் பாட வேண்டும். பெரியவர்கள் கேட்பது அவ்வளவுதான்.

டிவி கதையும் இதேதான். 2018-ல் வாங்கிய எங்கள் ஸ்மார்ட் டிவியில் படம் இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆப்கள்தான் ஒவ்வொன்றாக, இந்த டிவியில் இனி ஓடாது என்று கைவிரித்துவிட்டன. திரைக்கு ஆயுள் பன்னிரண்டு வருடம், உள்ளே இருக்கும் மூளைக்கு ஐந்து வருடம் என்றால் இரண்டையும் ஏன் ஒரே உடம்பில் வைக்க வேண்டும்? டிவி வெறும் திரையாக வரட்டும். மூளை தனிப் பெட்டியில் இருக்கட்டும், பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்வோம். ஆன் செய்ததும் விளம்பரத்தில் போய் நிற்காமல், கடைசியாகப் பார்த்த சேனலில் நிற்கட்டும்.

எங்கள் ஊர் வீட்டில் அப்பா வைத்துவிட்டுப்போன ஆம்ப்ளிஃபயர் இன்னும் ஓடுகிறது. சத்தத்தைப் பெருக்கும் 4440 ஐசி போர்டு, அதற்குக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் 12-0-12 டிரான்ஸ்பார்மர், மானாமதுரைப் பானை வாயில் கவிழ்த்த ஸ்பீக்கர். முப்பது வருடத்தில் ஐசி இரண்டு முறை போனது. இரண்டு முறையும் பக்கத்துத் தெரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் சால்டர் வைத்து மாற்றிக் கொடுத்தார்.

ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல், கையில் கொண்டுபோகும் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது. நம் ஊரில் 2022-ல் ரிப்பேர் உரிமைக்கு ஒரு இணையதளம் தொடங்கியதோடு சரி, கட்டாயம் எதுவும் இல்லை. அங்கே திறக்கிற மாதிரி செய்கிறவர்கள் இங்கே மட்டும் ஒட்டி அனுப்பக் கூடாது. இதை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது செய்தால் முதல் ஆளாக வாங்குவேன். இருட்டில் தடவினாலே தெரிகிற மாதிரி பெரிய பட்டன்கள். கழற்றி மாட்டும் பேட்டரி. கார்டு துளை, ரேடியோ, வயர் துளை. அணைத்த இடத்திலிருந்தே மறுபடி பாட வேண்டும். ஆன் செய்ததும் ஒரு குரல் இங்கிலீஷில் “புளூடூத் மோட்” என்று கத்துகிறதே, அது கூடாது. நாலு மணிக்குத் தோட்டத்தில் அம்மா தினமும் அதற்குத் திடுக்கிடுகிறார்.

இப்போதைக்கு 5சி பேட்டரி இரண்டு கூடுதலாக வாங்கி அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். கார்டையும் மூன்று காப்பி எடுத்துவிட்டேன். ஒன்று தங்கச்சி வீட்டில், ஒன்று என்னிடம், ஒன்று மாமா மகனிடம். மூன்றிலும் மாமா ஐந்தாவதாகத்தான் வருவார்.