படித்துவிட்டுச் சொல்லுங்கள் சார்

ஞாயிற்றுக்கிழமை நம் டெல்லி வாசகர் கூட்டத்தில் நடந்த விஷயத்தை அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை நம் வாட்ஸ்அப் குழுவில் 'சிலருக்கு யார் எதைச் சொன்னாலும் நொட்டை சொல்லணும்' என்று ஒரு பதிவு. கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, அன்று அந்த அறையில் வாயைத் திறந்தவள் நான் ஒருத்திதான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். சமீபத்தில் படித்த நாவலைப் பற்றி ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேச வேண்டும். நண்பர் எழுந்து 'குருதிப்புனல்' என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அதை எழுதிய இந்திரா பார்த்தசாரதி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், நம்ம ஊர்க்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடலாம். அப்புறம் நண்பர், 'போலீஸ் அதிகாரிக்கும் தீவிரவாதிக்கும் நடுவில் நடக்கிற மனப் போராட்டம், படத்தைவிட நாவல் இன்னும் ஆழம்' என்றார். அறையே தலையாட்டியது. ஒருவர் குறித்துக்கூடக் கொண்டார்.

கமல் நடித்த அந்தப் படம் அதே பெயரில் 1995-இல் வந்தது, ஓர் இந்திப் படத்தின் தமிழ் வடிவம். நாவலுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாவலுக்குப் பின்னால் இருப்பது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட சம்பவம். இதைத்தான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். 'டைட்டில் ஒண்ணுதானே மேடம், விடுங்க' என்று சிரித்தார்கள்.

தலைப்பு குழம்புவது யாருக்கும் நடக்கும். ஆனால் 'படத்தைவிட ஆழம்' என்று எதை வைத்துச் சொன்னீர்கள் சார்? அந்த ஆழத்தை எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள்? படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. பாதி படித்தேன் என்று சொல்லுங்கள், அதுவும் நல்ல தகவல்தான். படித்ததை மட்டும் சொல்லுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

எனக்கே அந்த நாவலோடு சண்டை உண்டு. மிராசுதாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையையும் ஒரு காரணமாகக் காட்டுவது, கூலிக்காக நடந்த ஒரு போராட்டத்தைப் படுக்கையறைப் பக்கம் திருப்பிவிடுகிறது. இடதுசாரிகள் அப்போதே இதைக் கேட்டார்கள், சரியாகவே கேட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் டெல்லியை விட்டுத் தஞ்சைக் கிராமத்தில் போய் உட்கார்ந்த கோபாலும், அவனைத் தேடிப் போகிற சிவாவும் என்னை விடவே இல்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு ஊரைப் பற்றிப் பேசுகிற நம் எல்லாரையும் உரசுகிற இடம் அது. இதைப் பற்றி அன்று ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். கமல் நடிப்பைப் பற்றிப் பேசினோம்.

'நீ என்ன பெரிய இலக்கியவாதியா, ஜனரஞ்சக வாசகர்களை மட்டம் தட்டுகிறாயா' என்று உள்பெட்டியில் ஒருவர். ஐயா, எனக்கு நாவல் சொல்லிக் கொடுத்தவரே குடும்ப நாவல் படிக்கிற மாமிதான். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் எங்கள் மேல்வீடு. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, கரோல்பாகில் பைண்டு பண்ணி வைத்திருப்பார். பின்பக்கம் பாதி நகைச்சுவைத் துணுக்கு, பாதி சோப்பு விளம்பரம். 'நடுவுல நாப்பது பக்கம் தள்ளிடுடி, ஒரே அழுகை. அந்தத் தம்பிக்காரன் வந்தப்புறம்தான் கதையே. கடைசி அத்தியாயத்தை ராத்திரி படிக்காதே, தூக்கம் வராது' என்பார். ஒரு பரிந்துரைக்கு இதைவிட என்ன வேண்டும்? எது போர், எது ருசி, தன்னை எது அழ வைத்தது, மூன்றும் அதில் இருக்கிறது. மாமி ஒருநாளும் 'ஆழம்' என்று சொன்னதில்லை.

விமர்சகர் க.நா.சு.வும் டெல்லியில் வாழ்ந்தவர்தான். 'படித்திருக்கிறீர்களா?' என்று புத்தகமே போட்டார். நல்ல புத்தகங்கள் என்று பட்டியல் போட்டுப் போட்டே வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அவர் படிக்காமல் சொன்னார் என்று யாரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை.

'நேரம் எங்கே இருக்கிறது' என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. துவாரகாவிலிருந்து நொய்டா வரை மெட்ரோவில் எல்லாரும் போனை நோண்டுவதைப் பார்த்துக்கொண்டுதான் நானும் போகிறேன். 'டெல்லியில் தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கிறது' என்பதில் மட்டும் நியாயம் உண்டு. தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, ஆனால் ரோகிணியில் இருப்பவர் வேலை முடிந்து அங்கே வந்து சேர்வதற்குள் பொழுதே போய்விடும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவரிடம் பட்டியல் கொடுத்துவிட்டு, 'பெட்டி கனமாயிடுச்சு' என்ற பாட்டையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். அப்படி அரிதாகக் கைக்கு வருகிற இடத்தில், சாப்பிடாத ஹோட்டலுக்கு ஆள் பிடிக்கிற மாதிரி ஒருவர் நாவல் சொன்னால், அதை நம்பி மெனக்கெடுகிறவர் கதி என்ன? குறித்துக்கொண்டாரே அந்தத் தம்பி, அவர் போலீஸ் கதையைத் தேடிப் புரட்டிக்கொண்டிருப்பார்.

'நட்பைவிடப் புத்தகம் பெரிதா' என்று இன்னொரு கேள்வி. இதுதான் நிஜமாகவே வலித்தது. சொல்லவேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு முன்னால் அந்த நாவலை அந்த நண்பருக்குக் கொடுத்ததே நான்தான். என் அப்பா வாங்கிய பழைய பிரதி. எங்கே கோபம் வரும், எங்கே பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று மாமி பாணியில் சொல்லித்தான் கொடுத்தேன். நடுவில் இரண்டு தடவை கேட்டேன். 'பிரமாதம், பேசலாம்' என்றார். அந்தப் பேச்சுக்குத்தான் நான் காத்திருந்தேன். ஒரு நல்ல நாவலைப் படித்து முடித்த பிறகு அதைப் பற்றிப் பேச இந்த ஊரில் எனக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நான் அனுப்புகிற ஒவ்வொரு பரிந்துரைக்கும் உடனே ஓர் இதயம் விழுகிறது. திறந்து பார்த்தவர் யார் என்று இப்போது சந்தேகமாகவே இருக்கிறது.

சார், இந்தப் பதிவையாவது முழுதாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தகம் வேண்டாமென்றால் வருகிற கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். முனிர்க்காவில் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அட்டை பிய்ந்திருக்கும், பார்த்து எடுங்கள்.