பீம் லட்டுதான் சாப்பிடுவான்

தம்பி மகன் காரைக்குடியில் சிறுதானியத் தின்பண்டம் போட்டு விற்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், "அத்தை, கம்பு உருண்டைப் பாக்கெட்டில் ஒரு கார்ட்டூன் பொம்மை போட்டால் பிள்ளைகள் வாங்குவார்கள் இல்லையா?" என்று கேட்டான். "வாங்குவார்கள். தின்பார்களா என்று கேள்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவனுக்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறைக்கு மகளும் ஐந்து வயதுப் பேரனும் வந்திருந்தார்கள். கடைவீதியில் ஒரு கேழ்வரகு பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்துப் பேரன் நின்றுவிட்டான். அட்டையில் வேட்டி கட்டிய ஒரு குண்டுப் பையன், புஜத்தை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். டிவி கார்ட்டூனில் வரும் சோட்டா பீம் மாதிரி இருந்தான், ஆனால் பீம் இல்லை. மகளுக்குச் சந்தோஷம், கேழ்வரகு அல்லவா! வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து பிரித்தான். ஒன்றைக் கடித்தான். மென்றதை அப்படியே உள்ளங்கையில் துப்பிவிட்டு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆயா, இது பீம் இல்லை. பீம் லட்டுதான் சாப்பிடுவான்" என்றான். பிறகு கத்தரிக்கோல் கேட்டான். படத்தை மட்டும் வெட்டி என் பீரோ கதவில் பசை தடவி ஒட்டினான். பிஸ்கட் டப்பாவில் கிடந்து நமுத்துப் போய், கடைசியில் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போனது.

கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. மைதா, சர்க்கரை, எண்ணெய், அதற்குப் பிறகுதான் கேழ்வரகு. முன்பக்கத்தில் முதலாளி, பின்பக்கத்தில் கடைசி வேலையாள்.

பொம்மை போட்டால் பிள்ளைக்கு ருசி கூடுமா என்று அமெரிக்காவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள 40 பிள்ளைகளுக்கு ஒரே தின்பண்டத்தை இரண்டு பொட்டலங்களில் கொடுத்தார்கள். ஒன்றில் ஷ்ரெக், ஸ்கூபி டூ, டோரா இவர்களில் ஒருவர் படம், மற்றதில் படம் இல்லை. (டோராவைத் தெரியாதவர் உண்டா? சுட்டி டிவியில் புஜ்ஜியோடு தமிழ் பேசித் திரிந்தவள்தான்.) படம் போட்டதுதான் ருசி என்றார்கள் பிள்ளைகள். ஆனால் இனிப்பு மிட்டாயிலும் பிஸ்கட்டிலும் தெரிந்த அளவு, கேரட்டில் அந்த மயக்கம் இல்லை. ஆப்பிளில் எல்மோ என்ற அமெரிக்க டிவி பொம்மையின் படத்தை ஒட்டியதும் பிள்ளைகள் அள்ளிக்கொண்டார்கள் என்று 2012இல் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்து ஊரெல்லாம் பேசப்பட்டது. எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தது. உண்மையில் சோதித்தது மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளை! 2017இல் ஆய்வையே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உண்மையான பீமைப் போட வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும், பணம் கட்ட வேண்டும். பிஸ்கட் கம்பெனி கட்டும். கேரட்டுக்கு ஏது கம்பெனி, முருங்கைக்கீரைக்கு ஏது முதலாளி? இது தெரிந்துதான் 2013இல் எல்மோவின் சொந்தக்காரர்கள் காய்கனிகளுக்கு மட்டும் உரிமக் கட்டணம் வேண்டாம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். நல்ல மனசு. தம்பி மகனுக்கு யார் விட்டுக்கொடுப்பார்கள்? அவனும் பீம் மாதிரி ஒரு பையனைத்தான் வரைந்து வைப்பான். என் பேரன் அதையும் கண்டுபிடித்துவிடுவான்.

பொம்மையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1929இல் பிறந்த கார்ட்டூன் மாலுமி பாப்பாயைப் பாருங்கள். கீரை விளையும் டெக்சாஸ் ஊரான கிரிஸ்டல் சிட்டியில் 1937இல் அவனுக்குச் சிலையே வைத்தார்கள். அவன் கீரை டப்பாவின் மேல் நின்று சிரித்தவன் இல்லை. அடி வாங்கி, விழுந்து, கீரையைத் தின்று, எழுந்து திருப்பி அடித்தவன். பீமும் அப்படித்தான். 2008இலிருந்து லட்டைத் தின்றுதான் பலம் பெறுகிறான். கதைக்குள் தின்கிறவனைப் பிள்ளை நம்புகிறது. அட்டையில் ஒட்டியவன் எதையும் தின்பதில்லை, பிள்ளைக்கு அது தெரிகிறது.

இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக்கு முக்குறுணிக் கொழுக்கட்டை படைக்கிற ஊர்க்காரர்கள் நாம். எங்கள் செட்டிநாட்டுப் பிள்ளையார் நோன்பன்று இருபத்தொரு இழைத் திரியை மாவில் வைத்து, நெய்விட்டு ஏற்றி, பெரியவர் எடுத்துக் கொடுக்க, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோமே! சிறு வயதில் வெல்லம் போட்ட மாவு எனக்குப் பிடிக்காது. ஆனாலும் என் முறை எப்போது வரும் என்று வரிசையில் துடித்துக்கொண்டு நிற்பேன். சுடர் சுடாதா என்று பயமும் இருக்கும், அண்ணனுக்குச் சுடவில்லையே என்று தைரியமும் வரும்.

பேரனுக்கு மறுநாள் மாவுருண்டை பிடித்தேன். வறுத்த பாசிப்பருப்பு மாவு, சர்க்கரை, காய்ச்சிய நெய். சூட்டோடு அவனையே உருட்டச் சொன்னேன். எலுமிச்சை அளவில் ஒன்று, நெல்லிக்காய் அளவில் ஒன்று, சப்பையாக ஒன்று. "இது லட்டா ஆயா?" என்று சந்தேகத்தோடு கேட்டான். "செட்டிநாட்டு லட்டு" என்றேன். மூன்று தின்றுவிட்டு, புஜத்தை மடக்கிக்கொண்டு வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றி ஓடினான். சர்க்கரை இருக்கிறதே என்று மகள் முறைத்தாள். இருக்கிறதுதான், மறுக்கவில்லை. நான்காம் நாள் பாதிக்குப் பாதி கம்பு மாவு கலந்தேன். அவன் கவனிக்கவே இல்லை.

அரசாங்கம் செய்ய வேண்டியது வேறு. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டத்தை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020இலேயே நம் நாட்டில் விதி வந்துவிட்டது. ஐம்பத்தோராவது மீட்டரில் பெட்டிக்கடை இருக்கும், வாசலில் பொம்மை போட்ட சரம் தொங்கும். சிலி நாட்டில் 2016இலிருந்து, சர்க்கரை அதிகம் என்ற முத்திரை விழுந்த உணவின் அட்டையில் பிள்ளைகளை இழுக்கும் பொம்மையே கூடாது. கேரட்டில் பொம்மை ஒட்டுவதைவிட மிட்டாயிலிருந்து பொம்மையைப் பிய்ப்பது நல்ல வேலை என்பேன்.

தம்பி மகனே, கோபம் தணிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வா. உன் கம்பு உருண்டையில் நெய் போதவில்லை, முதலில் அதைப் பார்ப்போம். வரும்போது ஒரு சுரண்டியும் எடுத்து வா. அந்தக் குண்டுப் பையன் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறான், பிய்த்தால் பெயிண்ட்டும் சேர்ந்து வருகிறது.