கொண்டுபோய் விட்டவன் மட்டும்தான் நான்

போன மாதம் நான் போட்ட படம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஆட்டோ பின்சீட்டில் ஒரு செவலை நாய், அதன் தலை என் மடியில். லைக்குகள் அறுநூறைத் தாண்டின. "நீங்கதான் சார் மனுஷன்" என்றெல்லாம் பின்னூட்டம். இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கணக்கைச் சரி செய்யத்தான் இதை எழுதுகிறேன். அந்த நாய்க்காக நான் செலவழித்தது ஒன்றரை மணி நேரமும் ஆட்டோ கூலியும். மீதி ஏழு வாரத்தையும் பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.

சென்னையில் மேடவாக்கம் பக்கம், ராத்திரி பத்து மணி இருக்கும். அடித்த கார் நிற்காமல் போய்விட்டது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டே ரோட்டோரம் வர முயன்றது நாய். இரண்டு ஆட்டோக்காரர்கள் முடியாது என்றார்கள். மூன்றாமவர் சீட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்த பழைய ஃப்ளெக்ஸை எடுத்து விரித்து, "ஏத்துங்க சார்" என்றார். யாருடைய பிறந்தநாள் வாழ்த்தோ அது. அதன்மேல் படுத்துத்தான் அந்த நாய் விலங்குகள் காப்பகத்துக்கு வந்தது.

இரவுப் பணியில் இருந்த டாக்டருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். முதலில் காஸ் துணியால் அதன் வாயைக் கட்டினார். வலியில் இருக்கிற நாய் சோறு போட்டவரையே கடிக்கும். அப்புறம் ஓர் இடுக்கியால் பின்னங்கால் விரலை அழுத்தினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது. எனக்கு ஒரே சந்தோஷம். "கால் வருது டாக்டர்!"

"கால் வர்றது கணக்கில்ல சார். முதுகுக்குள்ள எல்லாமே அறுந்துபோனாக்கூட கால் அப்படி இழுத்துக்கும். வலி மூளைக்குப் போகுதான்னு பாக்கணும். தலையத் திருப்பணும், இல்ல கத்தணும்."

இன்னும் அழுத்தினார். ஒன்றுமில்லை. அடுத்த விரல், ஒன்றுமில்லை. மூன்றாவது முறை, கட்டிய வாயோடு ஒரு முனகல், தலை லேசாகப் பின்னால் திரும்பியது. ஒரு ஜீவனுக்கு வலிக்கிறது என்பதற்காக மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சரி, பாக்கலாம். காலைல எக்ஸ்ரே" என்றார் டாக்டர்.

என் கதை அங்கே முடிந்தது. படம் போட்டேன், தூங்கினேன்.

தண்டுவடத்தில் இப்படிப் பலமாக அடிபட்ட நாய்க்குப் பெரும்பாலும் தானாகச் சிறுநீர் போகாது. கவனிக்காவிட்டால் மூத்திரப்பை நிரம்பி, தொற்று ஏறி, சிறுநீரகம் கெட்டுச் சாகவும் கூடும். அங்கே வேலை பார்க்கும் அக்கா ஒருவர், ஐம்பது வயது தாண்டியவர், வயிற்றின் இரண்டு பக்கமும் கையை வைத்து, பையைத் தடவிக் கண்டுபிடித்து, மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுவார். பலமாக அழுத்தினால் பை கிழியும், போதாமல் அழுத்தினால் மிச்சம் தங்கும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. அதோடு சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும், ஈ மொய்க்கும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். அக்காவுக்கு நம் செவலை மட்டுமா? பின்னால் நான் பார்க்கப் போன அன்றைக்கு அந்த அறையில் அதே நிலையில் ஐந்து நாய்கள் இருந்தன.

பக்கத்துக் கூண்டில், காதுக்குப் பின்னால் என் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டையோடு ஒரு நாய். மருந்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தால் புழுக்கள் மூச்சுக்காக மேலே வரும், அப்போது ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்க வேண்டும். நான் பத்து நிமிடம் நின்றேன், அப்புறம் வெளியே போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோதும் அக்கா அதே ஸ்டூலில் அதே ஓட்டைக்கு மேல் குனிந்திருந்தார். முழங்கை வரை பழைய கடித் தழும்புகள். வெறிநாய்க்கடி நோய் வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை என்பதால், இவர்கள் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகும் கடிபட்டால் மறுபடி இரண்டு ஊசி.

இவர்களைத் தெய்வம் என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. தெய்வத்துக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை லீவு தர வேண்டியதில்லை. அதனாலேயே அந்தச் சொல் நமக்கு வசதியாக இருக்கிறது.

2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பதினொரு நாள் கழித்து, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொல்லித் திருத்தியது, வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர. அந்தப் பதினொரு நாளும் முகநூலில் எல்லோரும் 'காப்பகம்' என்று எழுதியதைப் பார்த்தால், ஏதோ அரிசி குடோன் போலிருந்தது. குழந்தையை நாய் கடித்தவர்களின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது நியாயமான கோபம். ஆனால் கருத்தடை செய்வதும் தடுப்பூசி போடுவதும் இதே ஆட்கள்தான். 1964-லேயே சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு ஆரம்பித்த வேலை அது. மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டு அந்த வழிக்கு வர 1996 ஆனது.

இவர்களுக்கு ஏச்சு இரண்டு பக்கமும் வரும். நாயைக் காப்பாற்றினால் ஒரு கூட்டம் திட்டும், காப்பாற்ற முடியாமல் ஊசி போட்டு அனுப்பி வைத்தால் இன்னொரு கூட்டம் 'கொலைகாரர்கள்' என்று எழுதும். இரண்டாவது கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் முற்றி, உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்கும் ஒரு நாயை நேரில் பார்க்கும்வரை.

காயங்களில் பாதி நம் கைவேலை என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள், ஐந்தரை மணி நேர அறுவை சிகிச்சை. மிச்சச் சோற்றை உள்ளே போட்டு முடிச்சுப் போட்டு எறிகிறோமே, அந்தப் பைகள்தான். வேண்டுமென்றே அடிப்பவர்களுக்கு? 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். கட்டுப்போடும் துணிகூட அந்தக் காசுக்கு வராது.

பதினோராம் நாள் போன் செய்தேன். அக்கா எடுத்தார். "நீங்க ஒருத்தர்தான் தம்பி திரும்பக் கூப்டீங்க. ரிஜிஸ்டர்ல இருக்கிற நம்பருக்கு அடிச்சா முக்கால்வாசி ராங் நம்பர்னு வெச்சிடறாங்க." எனக்குப் பெருமைப்படத் தோன்றவில்லை. பத்து நாள் நானும் கூப்பிடவில்லையே.

ஏழாவது வாரம் செவலை எழுந்து நின்றது. பின்பக்கம் குடித்தவன் நடை மாதிரி ஆடுகிறது, ஆனால் நடக்கிறது. தெருவில் கொண்டுவந்து இறக்கியதும் எதிர்வீட்டுக்காரர் கேட்டார், "ஏன் சார், அங்கயே வெச்சுக்க மாட்டாங்களாமா?" என் படத்துக்கு லைக் போட்டவர்தான்.

கிளம்பும்போது அக்காவிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டிருந்தேன். கூச்சப்படாமல் சொன்னார்: "பழைய பெட்ஷீட் இருந்தா குடுங்க. நியூஸ் பேப்பரும் கொண்டாங்க, கூண்டுல விரிக்க. அந்த வழவழ சப்ளிமெண்ட் மட்டும் வேணாம் தம்பி, மூத்திரத்த உறிஞ்சாது."

வரும் ஞாயிறு போகிறேன். மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்கள் பேப்பர் கட்டி வைத்தால் வந்து வாங்கிக்கொள்கிறேன்.